எடை குறைக்க கவுன்சிலிங்: ரெண்டு வருஷ அனுபவம்

சேர்ந்த புதுசுல எழுதியிருந்தா ஆஹா ஓஹோன்னு எழுதியிருப்பேன். ரெண்டு வருஷம் தாண்டிடுச்சு, இப்ப நிதானமா சொல்ல முடியும்.

எனக்கு ஊர் கடலூர் மஞ்சக்குப்பம், உட்கார்ந்தே பார்க்கிற வேலை. ஆரம்ப எடை 86 கிலோ, பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவுங்கிற கணக்கு) 30க்கு மேல. நம்ம ஆளுங்களுக்கு 25ஐத் தொட்டாலே உடல்பருமன் கணக்குதான். மூணு மாச சராசரி சர்க்கரை (HbA1c) 6.1, அதாவது நீரிழிவுக்கு முந்தின நிலை. அதுக்கு முன்னாடி போன ஒரு இடத்துல ஓட்ஸ், புரோக்கோலின்னு அச்சடிச்ச டயட் சார்ட்டைக் கையில கொடுத்து, "வில்பவர் வேணும் சார்"னு அனுப்பிட்டாங்க. அது பாட்டுக்கு ஃபிரிட்ஜ் மேல ஒட்டியிருந்துச்சு.

புதுச்சேரியில இப்ப போற கவுன்சிலர் முதல் நாள் கேட்டது இதுதான்: "எடையைக் குறைக்க முடியும்னு எவ்வளவு நம்பிக்கை இருக்கு? பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள சொல்லுங்க."

"நாலு."

"ஏன் ஒண்ணுன்னு சொல்லல?"

ஏன் பத்து இல்லைன்னு கேட்பாங்கன்னு சாக்குப்போக்கெல்லாம் தயாரா வச்சிருந்தேன். இவங்க கேட்டதுக்கு யோசிச்சுத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்துச்சு. பொண்ணு பிறந்தப்ப சிகரெட்டை விட்டது ஞாபகம் வந்துச்சு, சொன்னேன். அதை எப்படி விட்டீங்கன்னு அரை மணி நேரம் கிளறினாங்க. இந்த மாதிரி பேசுற முறையை, குடிப்பழக்கம் உள்ளவங்களுக்காக வில்லியம் மில்லர்ங்கிற அமெரிக்க உளவியலாளர் 1983ல எழுதி வச்சாராம். அடுத்தவங்க சொல்ற நூறு காரணத்தைவிட நம்ம வாயால வர்ற ஒரு காரணம் நமக்குள்ள நிக்குது. எனக்கு அப்படித்தான் ஆச்சு.

அடுத்து இலக்கு. "தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன்"னு நான் வீராப்பா சொன்னா, செய்வீங்கன்னு எத்தனை மார்க் போடுவீங்கன்னு கேட்பாங்க. அஞ்சுன்னா அந்த இலக்கு ரத்து. எட்டு வர்ற வரைக்கும் குறைச்சுக்கிட்டே வரணும். கடைசியில வாரத்துல மூணு சாயங்காலம், இருபது நிமிஷம், தேவனாம்பட்டினம் பக்கம். இதுக்கா பஸ் ஏறி வந்தோம்னு தோணுச்சு. ஆனா ஒரு வாரம்கூட விடல. டாக்டருங்க சொல்ற வாரம் 150 நிமிஷ நடைங்கிற அளவு, பல மாசம் கழிச்சு, தானா வந்துச்சு. தன்னம்பிக்கைக்குப் பெரிய உரம் நாமே ஒண்ணைச் செஞ்சு முடிச்ச அனுபவம்தான்னு உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977லேயே எழுதியிருக்கார்.

சாப்பாட்டுலயும் இதே கதைதான். "பலகாரத்தைக் குறைப்பேன்"னு மொட்டையா சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. "நாலரைக்கு ஆபீஸ்ல டீ வந்தா, கூட வர்ற வடைக்குப் பதில் வீட்டுச் சுண்டல்"னு நேரம் காலத்தோட சொல்லணும். மீன் வறுவல் ஞாயிறு மட்டும், மத்த நாள் குழம்பு. பண்ருட்டி பலா சீசன்ல பலாப்பழமே தொடாதேன்னு சொல்லல. எத்தனை சுளைன்னு பழத்தை அறுக்கிறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணச் சொன்னாங்க. (அறுத்த பிறகு யார் முடிவு பண்றது!)

பிடிக்காததும் உண்டு. சாப்பாட்டு டைரி மகா தொல்லை. எழுதுறதைக் கொஞ்ச நாள்ல விட்டுட்டேன். கண்ணாடி முன்னாடி நின்னு "என்னால் முடியும்"னு சொல்ற பயிற்சி எனக்குச் சுத்தமா ஒட்டல. நடுவுல வேற ஒரு கவுன்சிலர் என்னைப் பார்த்த கொஞ்ச காலம் பழையபடி அறிவுரை மழை, அப்ப எடை அசையவே இல்லை. அவசரக்காரங்களுக்கு இது சரிப்படாது. தைராய்டு, மாத்திரை விஷயமெல்லாம் டாக்டர்கிட்டதான். கவுன்சிலிங் அதுக்கு மாத்து இல்லை.

இப்ப 79 கிலோ. சர்க்கரைக்காக முதல்ல வச்ச இலக்கு ஆரம்ப எடையில 7 சதவீதம், அதாவது ஆறு கிலோ, அது தாண்டியாச்சு. நம்பிக்கை மார்க் ஏழு. மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் போறேன்.

போறதா இருந்தா வார நாள் காலையில போங்க. சனி, ஞாயிறுல புதுச்சேரிக்குள்ள வண்டி நகராது.