மதியம் வரை தாங்கும் ரோல்: சப்பாத்தியா, பரோட்டாவா, கடை டார்ட்டில்லாவா?

காலை ஏழரை மணிக்கு டப்பாவில் போகிற ரோல், பன்னிரண்டரைக்குத்தான் பிள்ளையின் கைக்கு வருகிறது. இடையில் ஐந்து மணி நேரம் அது பள்ளிப் பைக்குள் கிடக்கிறது. சென்னையிலோ மதுரையிலோ வகுப்பறை வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கல்லிலிருந்து எடுத்ததும் சாப்பிட்டால் எந்த ரோலும் ருசிதான். அதனால் அந்தச் சூட்டு ருசியை இங்கே கணக்கில் எடுக்கவில்லை. ஐந்து மணி நேரம் கழித்து எடுக்கும்போது மடிப்பு விரிந்து போகிறதா, ஓரம் விறைத்துப் போகிறதா, ஈரம் ஊறிக் கிழிகிறதா, எல்லாவற்றுக்கும் மேலாக உள்ளே இருப்பது கெடாமல் இருக்கிறதா என்பதை மட்டுமே பார்க்கப் போகிறேன்.

முதலில் வீட்டுச் சப்பாத்தி. மதியத்துக்குள் சப்பாத்தி விறைத்துவிடுகிறது என்றால் பெரும்பாலும் மாவு பிராண்டைத்தான் குறை சொல்கிறோம். ஆனால் வெந்த மாவுச்சத்து ஆற ஆற இறுகுவது எந்த மாவுக்கும் உள்ள குணம். அதைத் தடுக்க முடியாது, தள்ளிப்போட முடியும். அதற்கு வேண்டியது தண்ணீர். ஆட்டாவில் தவிடு இருப்பதால் அது மைதாவைவிட அதிகம் தண்ணீர் குடிக்கும், அதுவும் மெதுவாகக் குடிக்கும். 250 கிராம் ஆட்டாவுக்கு 170 முதல் 180 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு டீஸ்பூன் எண்ணெய். பிசைந்ததும் கையில் லேசாக ஒட்ட வேண்டும். அந்தப் பிசுபிசுப்பைப் பார்த்துப் பயந்து மேலும் மாவைக் கொட்டினால் மதியம் அப்பளம்தான். அரை மணி நேரம் மூடி வையுங்கள், ஒட்டுவது தானாகவே நின்றுவிடும்.

அடுத்தது கல்லின் சூடு. சிறு தீயில் நிதானமாகச் சுட்டால் உள்ளே இருக்கும் ஈரம் எல்லாம் ஆவியாகப் போய்விடும். கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஒரு சப்பாத்தி ஒரு நிமிடத்துக்கு மேல் அதில் கிடக்கக் கூடாது. போடும் முன் மேலே ஒட்டியிருக்கும் உலர் மாவைத் தட்டிவிடுங்கள், வறண்டு கரடுமுரடாவது முதலில் அந்த இடம்தான். எடுத்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பருத்தித் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். ஒன்றின் ஆவி இன்னொன்றில் இறங்கி ஓரங்களும் நடுவைப்போல் மெத்தென்று ஆகும். ரோலுக்குத் தகுந்த பதமா என்று பார்க்க, ஒன்றை எடுத்து நாலாக மடித்து விரியுங்கள். மடித்த கோட்டில் வெள்ளையாகக் கீறல் தெரியாவிட்டால் அது மதியம் வரை தாங்கும்.

அளவிலும் கவனம் வேண்டும். சாப்பாட்டுக்குப் போடுகிற ஆறு அங்குலச் சப்பாத்தி ரோலுக்குப் போதாது. எட்டு அங்குலமாவது இருந்தால்தான் அடியை மடித்துவிட்டுச் சுருட்ட முடியும். அடி மடிக்காத ரோலில் மசாலா முழுவதும் கடைசிக் கடியில் சீருடை மேல் விழும்.

பரோட்டாவுக்கு வருவோம். ருசியில் சப்பாத்தி அதன் பக்கத்தில்கூட வர முடியாது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கொல்கத்தாவில் 1932-இல் தொடங்கிய நிஜாம்ஸ் உணவகத்தின் பெயரைச் சொல்லித்தான் கத்தி ரோல் ஊர் ஊராகப் பரவியது. அங்கேயும் பரோட்டாவுக்குள் கபாபை வைத்துச் சுற்றித்தான் கொடுப்பார்கள். ஆனால் அது கல்லிலிருந்து நேரே கைக்கு வந்து, நின்றபடியே தின்று முடிக்கிற பண்டம். ஐந்து மணி நேரம் டப்பாவில் வைத்தால், ஆறிய பரோட்டா இழுத்தாலும் கிழியாத தோல்போல் ஆகிவிடும். வனஸ்பதி சேர்த்ததாக இருந்தால் அந்தக் கொழுப்பு உறைந்து நாக்கில் மெழுகாக ஒட்டும். எண்ணெயில் செய்தது கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் காகிதம் ஊறி, பை ஊறி, நோட்டுப் புத்தகம் வரை போகும். உறைந்த பரோட்டா வாங்கிச் சுட்டாலும் இதே கதைதான். பள்ளி டப்பாவுக்கு பரோட்டா வேண்டாம் என்பதே என் முடிவு. சனிக்கிழமை காலையில் வீட்டிலேயே செய்து கொடுங்கள், அதற்கு ஈடே இல்லை.

பம்பாயின் தெருவோர ரோலான ஃபிராங்கியிலிருந்து ஒரு விஷயத்தை மட்டும் கட்டாயம் எடுத்துக்கொள்ளலாம். ரொட்டியின் ஒரு பக்கத்தில் அடித்த முட்டையை ஊற்றி, அது ரொட்டியோடு ஒட்டி வேகும்படி சுடுவார்கள். இதில் ருசி மட்டுமல்ல, வேறொரு லாபமும் இருக்கிறது. வெந்த முட்டை ஒரு படலமாக நின்று, மசாலாவின் ஈரம் ரொட்டிக்குள் இறங்காமல் தடுக்கும். சப்பாத்திக்கும் இதையே செய்யலாம். எட்டு அங்குலத்துக்கு ஒரு முட்டை போதும். முட்டை நன்றாக வேக வேண்டும், கொழகொழவென்று எந்த இடமும் இருக்கக் கூடாது.

பாக்கெட்டில் வரும் மெக்சிகோ வகை ரொட்டியான கடை டார்ட்டில்லாவை எடுத்த எடுப்பில் ஒதுக்கிவிட மாட்டேன். காலையில் இரண்டு பேரும் வேலைக்கு ஓடும் வீட்டில் அது பெரிய உதவி. எட்டு அங்குலம், பத்து அங்குலம் என்று ஒரே அளவாக வரும், மடித்தால் உடையாது, மதியமும் மெத்தென்றே இருக்கும். அந்த மென்மை எங்கிருந்து வருகிறது என்பது பாக்கெட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது. கொழுப்பு, மாவை இளக்கமாக வைக்கும் சேர்மானங்கள், பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கால்சியம் புரோபியோனேட் போன்ற பதப்படுத்திகள், அப்புறம் உப்பு. இவை அனுமதிக்கப்பட்டவைதான், விஷமில்லை. ஆனால் தினமும் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். 'மல்டிகிரெய்ன்' என்று முன்பக்கம் பெரிதாக எழுதியிருந்தால் பின்பக்கப் பட்டியலில் முதலில் என்ன மாவு இருக்கிறது என்று பாருங்கள். எடையில் அதிகமானதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. முதல் இடத்தில் மைதா இருந்தால் அது மைதா ரொட்டிதான். விலையும் வீட்டுச் சப்பாத்தியைப்போல் பல மடங்கு. வாங்கினால், பாக்கெட்டிலிருந்து அப்படியே எடுத்துச் சுருட்டாமல் கல்லில் பக்கத்துக்கு இருபது விநாடி போட்டு எடுங்கள். இல்லாவிட்டால் மடிக்கிற இடத்தில் வெடிக்கும்.

தோசைச் சுருளையும் கேட்பார்கள். முறுகல் தோசை ஆறினால் வார்போல் ஆகிவிடும். கொஞ்சம் தடிமனாக, இரண்டு பக்கமும் வெந்த கல்தோசை வேறு ரகம். மேலே இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிச் சுருட்டினால் மதியம் வரை அழகாக இருக்கும். அதற்குள் மசாலா வைக்க முயல வேண்டாம், பொடியே போதும். கேழ்வரகு ரொட்டியில் கோதுமையின் இழுவைத்தன்மை இல்லாததால் சுருட்டினால் உடையும். ஆசைப்பட்டால் மூன்று பங்கு ஆட்டாவுக்கு ஒரு பங்கு கேழ்வரகு மாவு கலக்கலாம்.

இனி உள்ளே வைப்பது. இங்கேதான் ருசியைவிடப் பாதுகாப்பு முந்திக்கொள்கிறது. சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். நம் பள்ளி டப்பாக்கள் எல்லாமே அந்தக் கெடுவைத் தாண்டுகின்றன. அதனால் எதை வைக்கிறோம் என்பதில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டியிருக்கிறது.

மயோனைஸ் வேண்டவே வேண்டாம். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை போட்டது, சால்மொனெல்லா, ஈ.கோலி போன்ற கிருமிகளின் ஆபத்தைக் காரணம் காட்டித்தான். முட்டையில்லா மயோனைஸும் பாட்டிலைத் திறந்தபின் குளிரில் இருக்க வேண்டிய பொருள். அந்த இடத்துக்கு நம்மிடம் துவையல் இருக்கிறது! கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய், புளி எல்லாவற்றையும் எண்ணெயில் வதக்கி, இரண்டு கை பொட்டுக்கடலை சேர்த்து, தண்ணீர் விடாமல் கெட்டியாக அரைத்தால் ரொட்டியில் தடவ அதைவிட நல்ல பொருள் இல்லை. மசாலாவை ரொட்டியோடு ஒட்டவும் வைக்கும், ஈரத்தையும் விடாது. தேங்காய் மட்டும் சேர்க்காதீர்கள், வெயிலில் முதலில் ஊசுவது அதுதான்.

உருளைக்கிழங்கு மசாலாவும் பனீரும் போட்டியிட்டால் டப்பாவுக்கு உருளைதான். மசித்து, தண்ணீர் சுண்டும்வரை வதக்கிய உருளை ஒட்டிக்கொண்டு நிற்கும், சிந்தாது. பனீரில் உப்புப் பட்டதும் நீர் கசியும், வெயிலில் சீக்கிரம் புளிக்கவும் செய்யும். சோயா உருண்டைகளை வேக வைத்து நன்றாகப் பிழிந்து, பொடியாக நறுக்கி, மிளகுத்தூள் போட்டுச் சுருள வதக்கினால் புரதத்துக்குப் புரதம், உலர்வுக்கு உலர்வு. கோழி வைக்க ஆசை இருந்தால் அலுவலகத்தில் குளிர்பெட்டி உள்ளவர்களுக்கு மட்டும் வையுங்கள், பள்ளிப் பைக்குள் வேண்டாம். முந்தைய நாள் குழம்பிலிருந்து துண்டுகளை எடுத்து வைப்பதற்கும் இதே பதில்தான்.

வெள்ளரி, தக்காளி, பச்சை வெங்காயம் மூன்றும் உப்புப் பட்டதும் தண்ணீர் விடும். ரொட்டி அடியில் நனைந்து கிழிவது இவற்றால்தான். வெங்காயத்தையும் குடைமிளகாயையும் வதக்கிவிடுங்கள். பச்சையாக ஏதாவது நறுக்கென்று வேண்டும் என்றால் துருவிய கேரட் போதும்.

சுருட்டியதும் ஒரு சின்ன வேலை, தவறாமல் செய்யுங்கள். மடிப்பு கீழே இருக்கும்படி ரோலைக் கல்லில் வைத்து அரை நிமிடம் லேசாக அழுத்துங்கள். ரொட்டி தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும், பல்குச்சி குத்த வேண்டிய தேவையே இல்லை. பிறகு தட்டில் வைத்து ஆவி அடங்க விடுங்கள். சூட்டோடு சுற்றினால் எந்தக் காகிதத்தாலும் காப்பாற்ற முடியாது.

சுற்றுவதற்கு அலுமினிய ஃபாயிலா, பட்டர் பேப்பரா? ஃபாயில் இறுக்கமாகப் பிடிக்கும், எப்படி மடித்தாலும் அப்படியே நிற்கும். ஆனால் ஆவியை உள்ளேயே வைத்திருக்கும். இன்னொன்று, எலுமிச்சை, புளி, தக்காளி போன்ற புளிப்புகள் அலுமினியத்தை அரிக்கும், துவையல் தடவிய ரோலில் அதுதானே இருக்கிறது. பட்டர் பேப்பர் ஓரளவு மூச்சு விடும், தின்னத் தின்ன மேலிருந்து உரித்துக்கொண்டே போகலாம், கையில் எண்ணெய் ஒட்டாது. மெழுகு பூசிய மலிவான தாள் சூட்டில் உருகும் என்பதால் பேக்கிங்குக்கு விற்கும் தாளாகப் பார்த்து வாங்குங்கள். செய்தித்தாள் பேச்சுக்கே இடமில்லை. உணவைச் செய்தித்தாளில் பொதியக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகளே சொல்கின்றன. பிளாஸ்டிக் தாளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. அனலில் வாட்டிய வாழை இலை, கல்தோசைச் சுருளுக்கு மணக்க மணக்கப் பொருந்தும். சப்பாத்திக்கு அது ஈரத்தை விட்டுவிடும்.

ஆகவே எங்கள் வீட்டில் பட்டர் பேப்பரில் சுற்றி எவர்சில்வர் டப்பாவில் நெருக்கமாக வைக்கிறோம். இடம் மீந்தால் கேரட் குச்சிகளை அடைத்துவிடுவோம், ரோல் உருளாது. சின்னப் பிள்ளைகளுக்குப் பாதியாக வெட்டுவதென்றால் சுற்றியபிறகு காகிதத்தோடு சேர்த்து வெட்டுங்கள். சூடு காக்கும் ஹாட்பாக்ஸ் வகை டப்பாவைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். ஆவி அடங்கிய ரோலை அதில் வைத்தால், அது சூடாகவும் இல்லாமல் குளிர்ந்தும் போகாமல், கிருமிக்குப் பிடித்த இளஞ்சூட்டில் மணிக்கணக்காக இருக்கும். ரோலுக்குச் சாதாரண டப்பாவே மேல்.

காலை நேரம் போதாதவர்கள் ராத்திரியே சப்பாத்தி சுட்டு வைப்பதைவிட ராத்திரி மாவு பிசைந்து வைப்பது நல்லது. உருண்டையின் மேல் எண்ணெய் தடவி, காற்று புகாத டப்பாவில் குளிர்பெட்டியில் வையுங்கள். மேல்பக்கம் கொஞ்சம் கருத்தாலும் கவலை வேண்டாம். காலையில் எழுந்ததும் வெளியே எடுத்து வைத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள், இருபது நிமிடத்தில் தேய்க்கிற பதத்துக்கு வந்துவிடும்.

அலுவலகத்தில் மைக்ரோவேவ் இருந்தால் கணக்கே மாறிவிடும். சூடு பட்டதும் இறுகிய மாவுச்சத்து மறுபடி இளகும் என்பதால் பரோட்டாவும் ஆட்டத்துக்கு வரலாம். ஈரமாக்கிய டிஷ்யூவைப் போர்த்தி இருபது, முப்பது விநாடி வைத்தால் போதும். ஃபாயிலோடு மட்டும் உள்ளே வைத்துவிடாதீர்கள், தீப்பொறி பறக்கும். சுட்டதும் உடனே தின்றுவிடுங்கள், மறுபடி ஆறினால் முன்பைவிடக் கெட்டியாகிவிடும்.