பாலைவனச் செடிகளின் பருவத்தைக் கண்காணிக்க எது நல்லது: கண்ணா, கேமராவா, செயற்கைக்கோளா?

கொங்கு நாட்டுக் கொறங்காடுகளில் காங்கேயம் மாடுகள் மேயும் கொழுக்கட்டைப் புல், அமெரிக்காவின் சொனோரன் பாலைவனத்தில் பெரும் தொல்லை. காய்ந்தால் தீயைப் பரப்பும். தீயைத் தாங்கப் பழகாத சகுவாரோ கள்ளிகள் கருகிப்போகும். களைக்கொல்லி அடிக்கலாம்தான். ஆனால் புல் பாதியாவது பச்சையாக இருந்தால்தான் மருந்து உள்ளே இறங்கும். மழைக்குப் பிறகு அந்தப் பச்சை கொஞ்ச நாள்தான் நிற்கும். அதைச் சரியாகப் பிடிக்க எந்த முறை உதவும்?

செயற்கைக்கோள் பரப்பில் ஜெயிக்கிறது. சென்டினல்-2 ஐந்து நாளுக்கு ஒருமுறை 10 மீட்டர் துல்லியத்தில் படம் தருகிறது, அதுவும் இலவசமாக. சிக்கல் என்னவென்றால், பாலைவனத்தில் செடியை விட வெறும் மண்தான் அதிகம் தெரியும். மண்ணின் பிரகாசத்தைச் சரிக்கட்ட 1988இல் ஹுயெட் என்ற ஆய்வாளர் ஒரு குறியீட்டை உருவாக்கினார், அது உதவுகிறது. ஆனாலும் பச்சையாக இருப்பது எந்தச் செடி என்று அது சொல்லாது. குளிர்கால மழைக்கு ஓராண்டுச் செடிகள் முளைத்தாலும் படம் பச்சையாகும். பாலோ வெர்டே மரத்துக்குப் பட்டையே பச்சை, இலை உதிர்ந்தாலும் பச்சைதான். கொழுக்கட்டைப் புல்லை இவற்றிலிருந்து பிரித்தெடுப்பது சுலபமில்லை.

கேமராவை எனக்குப் பிடிக்கும், முக்கியமாக ஒக்கோட்டியோவுக்காக. முள்குச்சிகளாக நிற்கும் இந்தச் செடி, நல்ல மழை பெய்த சில நாளிலேயே அடி முதல் நுனி வரை இலை விடும். ஈரம் காய்ந்ததும் இலை மஞ்சளாகி உதிரும். ஒரே வருடத்தில் பலமுறை இது நடக்கும். வாரம் ஒருமுறை போகிறவர் தொடக்க நாளைத் தவறவிடலாம். ஃபீனோகேம் வலையமைப்பின் கேமராக்கள் பகலெல்லாம் அரைமணிக்கு ஒரு படம் எடுப்பதால் அந்த நாள் தப்பாது. ஆனால் ஒரு கேமராவுக்கு ஒரு சரிவுதான் தெரியும்.

மனிதக் கண்ணுக்கு மட்டுமே தெரிகிற விஷயங்கள் பல. அரிசோனாவின் டூசான் நகரிலிருந்து இயங்கும் அமெரிக்கத் தேசிய ஃபீனாலஜி (உயிர்களின் பருவ மாற்றங்களைக் கவனிக்கும் துறை) வலையமைப்பில் தன்னார்வலர்கள் ஒரே செடிக்குத் திரும்பத் திரும்பப் போய், மொட்டு உண்டா, விரிந்த பூ உண்டா, பழுத்த காய் உண்டா என்று பதிகிறார்கள். ‘இல்லை’ என்ற பதிலும் அங்கே தரவுதான். டூசானுக்கு அருகே ஃபிங்கர் ராக் பாதையில் டேவ் பெர்ட்டல்சன் 1980களிலிருந்து நடந்தே பூக்களைக் குறித்துவந்தார். கோடை வெப்பம் ஏற ஏற, பல செடிகள் பூக்கும் உயர எல்லை மாறியிருப்பது அந்தக் குறிப்புகளிலிருந்துதான் தெரியவந்தது. எந்தச் செயற்கைக்கோளும் இதைத் தந்திருக்காது.

சரி, புல்லுக்கு வருவோம். அதே தேசிய ஃபீனாலஜி வலையமைப்பு மழையளவை வைத்து ஒரு முன்கணிப்பு வரைபடம் வெளியிடுகிறது: கடந்த 24 நாளில் 1.7 அங்குலம், அதாவது சுமார் 43 மில்லிமீட்டர் மழை சேர்ந்த இடங்களில் புல் மருந்தடிக்கும் அளவுக்குப் பச்சையாகும் என்பது கணக்கு. எங்கே போவது என்று வரைபடம் சொல்லும். போய்ப் பார்த்த பிறகே மருந்தை எடுக்க வேண்டும்.

சிறு குழுவுக்கு என் பரிந்துரை: முதலில் ஆட்கள், அடையாளம் கட்டிய சில செடிகள். பணம் மிஞ்சினால் அப்புறம் ஒரு கேமரா. அதை வடக்கு நோக்கி வையுங்கள், அப்போதுதான் வெயில் லென்ஸில் நேராக விழாது.