எங்கே தங்கினீர்கள் என்று கேட்ட கண் மருத்துவமனை

71 வயதான என் தந்தை, கோழிக்கோட்டில் தங்கையின் வீட்டில் 4 மாதங்கள் இருந்துவிட்டுச் சென்னை திரும்பிய ஐந்தாம் வாரம், வலது கண் சிவந்து, மணல் விழுந்ததுபோல் உறுத்துவதாகச் சொன்னார். முதலில் பார்த்த மருத்துவர், கண்புரை அறுவைக்குப் பின் வரும் வறட்சி என்று கருதிச் சொட்டு மருந்து எழுதித் தந்தார். 10 நாள்கள் வீணாயின. கண்ணுக்குள் ஏதோ நகர்கிறது என்று அப்பா சொன்னதை, உண்மையைச் சொன்னால், நாங்களும் வயதின் தடுமாற்றம் என்றே ஒதுக்கிவிட்டோம்.

அதன்பின் சென்ற தனியார் கண் மருத்துவமனையைப் பற்றியது இந்த மதிப்புரை. கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லாம்ப் கருவியின் முன் அமர்த்துவதற்கு முன்பே அங்கிருந்த இளம் மருத்துவர், "ஐயா, இந்த இரண்டு வருஷத்தில் வெளியூர், வெளிநாடு எங்கெல்லாம் தங்கினீர்கள்?" என்று கேட்டார். கோழிக்கோடு என்றதும் மூத்த மருத்துவரை அழைத்தார். வெள்ளைவிழியை மூடிய மெல்லிய படலத்துக்கு அடியில் நூல்போல ஒன்று நெளிந்துகொண்டிருந்தது. டைரோஃபிலேரியா ரெபென்ஸ் என்னும் அந்தப் புழு நாய்களின் உடலில் வாழ்வது. கொசுக்கடி வழியாக மனிதருக்கு வருவது. கேரளத்திலும் இலங்கையிலும் பலரிடம் கண்டறியப்பட்டது. கொசு கடித்துப் பல மாதங்கள் கழித்தும் வெளித்தெரியக்கூடும் என்பதால், பயணத்தையும் கண்ணையும் சேர்த்து நினைக்க நோயாளிக்குத் தோன்றுவதில்லை. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவுக்குப் போனதுண்டா என்றும் மூத்த மருத்துவர் கேட்டார். அங்குள்ள லோவா லோவா புழுவாக இருந்து, இரத்தத்தில் அதன் குஞ்சுகள் மிகுந்திருந்தால், புழுவைக் கொல்லத் தரும் ஐவர்மெக்டின் மாத்திரையே மூளையைப் பாதித்துவிடலாம் என்று பொறுமையாக விளக்கினார்.

கண்ணை மரத்துப்போகச் செய்து, சிறு கீறலிட்டு, புழு அறுந்துவிடாதபடி இடுக்கியால் நிதானமாக இழுத்தெடுத்தார்கள். ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் இருந்தது. புட்டியில் அதைப் பார்த்த அப்பா, "இடியாப்பம்கூட இதைவிடத் தடிமனாக இருக்குமே" என்றார். மனித உடலில் இது பொதுவாகப் பெருகுவதில்லை என்பதால், எடுத்ததோடு சிகிச்சை முடிந்தது. தேவையற்ற மாத்திரைகளை எழுதாததை நான் பெரிதும் மதிக்கிறேன். முன்கூட்டிச் சொன்ன 18,500 ரூபாய்க்கு மேல் வாங்கவுமில்லை.

குறைகளும் உண்டு. கண்மணி விரியச் சொட்டு விடப்பட்ட முதியவர்களை, மங்கிய பார்வையோடு மாடிப்படி ஏறிப் பணம் கட்டச் சொல்வது சற்றும் ஏற்கத்தக்கதல்ல. 3 நாளில் வரும் என்ற ஆய்வக அறிக்கைக்கு 11 நாள் காத்திருந்தோம். புழுவின் மேல்தோலில் நீளவாக்கில் ஓடும் வரிகளைக் கொண்டு இனம் கண்டதாக அதில் எழுதியிருந்ததை, மருத்துவர் தமிழில் சொன்ன பிறகே அப்பா புரிந்துகொண்டார். தங்கை வீட்டு நாயின் இரத்தத்தையும் பரிசோதிக்கச் சொல்லி அன்று ஒரு சீட்டு எழுதித் தந்தார். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்திருக்கிறோம்.