ஹெகெபெய்ன்டும் டெர்ப், சர்ச் டூர் – கண்டிப்பா போக வேண்டிய இடம்

நெதர்லாந்து வர்றவங்க ஆம்ஸ்டர்டாம், டூலிப் தோட்டம், காத்தாடி ஆலைன்னு பாத்துட்டு கிளம்பிடறாங்க. வடக்க இருக்கற ஃபிரீஸ்லாந்து மாகாணத்துக்கு ஒரு நாள் ஒதுக்க முடிஞ்சா ஹெகெபெய்ன்டும் போங்க. மாகாணத் தலைநகர் லேவார்டன்ல இருந்து 20 கிலோமீட்டர் பக்கம், நூறு பேர் கூட இல்லாத ஊரு. அங்க ஒரு விசிட்டர் சென்டர் இருக்கு, கைடு கூடவே வந்து மேட்டுமேல இருக்கற சர்ச்சை சுத்திக் காட்டுவாங்க. அந்த டூருக்குத்தான் இந்த ரிவ்யூ.

மேடுன்னு சாதாரணமா சொல்லிட்டேன், ஆனா அது முழுக்க மனுஷன் போட்ட மேடு. டெர்ப்னு சொல்றாங்க. கடல் மட்டத்துக்கு மேல 8.8 மீட்டர், நெதர்லாந்துலயே இதுதான் உயரமான டெர்ப். இந்தப் பக்கம் கடலுக்கு கரை போட ஆரம்பிச்சே சுமார் 1000 வருஷம்தான் ஆகுது, அதுக்கு முன்னாடி கடல் பொங்கினா ஊரெல்லாம் தண்ணி, அதனால கி.மு. 600 வாக்குல இருந்தே ஃபிரீஸ்லாந்து கரையில களிமண்ணு, மாட்டுச்சாணி, வீட்டுக் குப்பை எல்லாத்தையும் கொட்டி மேடாக்கி அதுமேல வீடு கட்டிக்கிட்டாங்க, வீடு இத்துப்போனா அதுக்கு மேலயே இன்னும் மண்ணு, இன்னும் சாணின்னு தலைமுறை தலைமுறையா ஏத்திக்கிட்டே போயிருக்காங்க. ரோமாபுரிக்காரர் பிளினி முதலாம் நூற்றாண்டுல கிழக்க பக்கத்துல இதே மாதிரி மேட்டுமேல வாழ்ந்த கௌக்கி மக்களைப் பத்தி எழுதியிருக்கார், தண்ணி ஏறும்போது கப்பல்ல போறவங்க மாதிரியும், வடிஞ்சதும் கப்பல் உடைஞ்சு கரை ஒதுங்கினவங்க மாதிரியும் இருக்காங்கன்னு. மேல நின்னு அந்தத் தட்டையான வயல்வெளியைப் பாருங்க, அவர் சொன்னது அப்படியே புரியும்.

என்னை ரொம்ப பாதிச்சது இதுக்கப்புறம் நடந்த கதை. 19ஆம் நூற்றாண்டு நடுவுல இருந்து இந்த மேட்டு மண்ணை உரமா விக்க ஆரம்பிச்சாங்க. ரெண்டாயிரம் வருஷத்து சாணியும் குப்பையும் மக்கிக் கிடந்த மண்ணு, பாஸ்பேட் நிறைய, மணல் பூமியில விவசாயம் பண்றவங்க காசு குடுத்து வாங்கினாங்க. ஆளுங்க மண்வெட்டியால வெட்டி தள்ளுவண்டியில ஏத்தி படகுல அனுப்பினாங்க. இன்னைக்கு கோடையில ரேஸ் விடற ஸ்கூட்சே பாய்மரப் படகுங்க அந்தக் காலத்துல இந்த மண்ணையும்தான் சுமந்துச்சு. ஃபிரீஸ்லாந்து முழுக்க எத்தனையோ டெர்ப் இப்படி பாதியும் முழுசுமா காணாம போச்சு. ஹெகெபெய்ன்டும்லயும் 1900ஐ ஒட்டி பெரும்பகுதியை வெட்டிட்டாங்க, சர்ச்சும் கல்லறையும் சில வீடும் இருந்த இடம்தான் மிச்சம். அதனாலதான் சர்ச் பக்கத்துல சரிவு அவ்வளவு செங்குத்தா இறங்குது, போட்டோ எடுக்கறவங்க அழகா இருக்குன்னு எடுத்துட்டு போறாங்க, அது வெட்டுன காயம்னு கைடு சொல்லும்போது மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு. ஏழை ஊருக்கு அது வருமானம், அவங்களை குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல, ஆனா போனது போனதுதான்.

வெட்டும்போது ஒரு பழைய இடுகாடும் வெளிய வந்துச்சு, எரிச்சதும் இருக்கு, புதைச்சதும் இருக்கு. ஃபிரீஸ் மியூசியத்துல வேலை பாத்த பூலெஸ்ங்கற ஆராய்ச்சியாளர் அதையெல்லாம் ஆராய்ச்சி பண்ணி பதிவு பண்ணினார், இல்லைன்னா அதுவும் வயலுக்கு உரமா போயிருக்கும்.

சர்ச் 12ஆம் நூற்றாண்டோடது. இந்த ஊர்ல கல்லே கிடையாது, சர்ச் கட்டின டஃப் கல்லு, அதாவது எரிமலைச் சாம்பல் இறுகி ஆன கல்லு, ஜெர்மனி ஐஃபெல் பகுதியில இருந்து தண்ணி வழியா வரணும். உள்ள 16 துக்கப் பலகை தொங்குது, பெரிய குடும்பத்துல யாராவது செத்தா அவங்க குலச்சின்னத்தை மரத்துல செதுக்கி மாட்டுவாங்க, 1689ல இருந்து 1906 வரைக்கும் இருக்கு. 1795ல நெதர்லாந்துல நடந்த புரட்சியில குலச்சின்னம் எல்லாம் எடுக்கணும்னு உத்தரவு போட்டப்ப மத்த சர்ச்சுகள்ல நிறைய அழிஞ்சு போச்சு, அதனால இங்க மொத்தமா பாக்கறது பெரிய விஷயம். மண்டை ஓடு, மணல் கடிகாரம்னு செதுக்கல் எல்லாம் நிதானமா பாருங்க, அவசரப்படாதீங்க.

கைடு கூடதான் போகணும், தனியா மேடு ஏறினா பாதி விஷயம் தெரியாது. கைடு கிட்ட மண்ணு வெட்டின கூலியாளுங்களைப் பத்தி கண்டிப்பா கேளுங்க. திறந்திருக்கற நேரம் சீசனுக்கு சீசன் மாறும், முன்னாடியே பாத்துட்டு போங்க, காத்து பலமா அடிக்கும், ஜாக்கெட் வேணும். திரும்பற வழியில லேவார்டன்ல ஃபிரீஸ் மியூசியத்தையும் சேத்து பாத்துடுங்க. என் மார்க் 5க்கு 5.