கொலுசுப் பட்டறை லென்ஸில் கம்பளிப்பூச்சி: 10எக்ஸ் வாங்கலாமா?

கொலுசில் பற்றவைத்த இடத்தைப் பார்க்கப் பட்டறைக்காரர்கள் வைத்திருக்கும் அதே 10எக்ஸ், அதாவது பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் மடக்கு லென்ஸ்தான். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பட்டறைச் சாமான் விற்கும் கடையில் 500 ரூபாய்க்குள் கிடைத்தது, ஏற்காட்டில் கம்பளிப்பூச்சி பார்ப்பதற்கென்றே வாங்கினேன்.

லென்ஸ் தரமானது. ஆனால் 10எக்ஸ் என்றால் பார்க்கும் பொருள் இரண்டரை செ.மீ. தூரத்தில் இருந்தால்தான் தெளிவாகத் தெரியும், லென்ஸையும் கண்ணோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும், அப்போது மூக்கு கிட்டத்தட்ட புழுவின் மேலேயே இருக்கும். சில வகைகளின் ரோமம் பட்டாலே தடித்து அரிக்கும், கண்ணில் போனால் கேட்கவே வேண்டாம். அதனால் ஊர்ந்துகொண்டிருக்கும் புழுவைப் பார்க்க 5எக்ஸ்தான் சரி: ஐந்து செ.மீ. இடைவெளி கிடைக்கும், ஒரே பார்வையில் அதிக இடமும் தெரியும். தோலில் ரோமம் குத்தினால் தேய்க்காதீர்கள், செலோ டேப்பை ஒட்டி எடுங்கள்.

அப்புறம் 10எக்ஸ் எதற்கு? புழுவுக்கு எமனாக வருகிறவற்றைப் பார்க்க. நாகலூர் ரோட்டில் காபித் தோட்ட வேலியோரம் உண்ணிச்செடியில் ஒரு கம்பளிப்பூச்சி அசையாமல் கிடந்தது, முதுகு ரோமத்துக்கு நடுவே சீரகச்சம்பா அரிசி மாதிரி வெள்ளைக் கூடுகள். லென்ஸை வைத்தால் கூட்டின் பட்டு நூல் இழை இழையாகத் தெரிகிறது, சிலவற்றின் நுனி வட்டமாக வெட்டித் திறந்திருக்கிறது. ஒரு பொடிக் குளவி புழுவுக்குள் முட்டையிட, அதன் குஞ்சுப் புழுக்கள் உள்ளேயே தின்று வளர்ந்து, தோலைத் துளைத்து வெளியே வந்து கட்டிய கூடு அது. கொட்டிக் கொட்டிப் புழுவையே குளவியாக்கும் என்று பெரியவர்கள் சொல்வது இப்படி எதையோ பார்த்துத்தான் இருக்க வேண்டும்.

இன்னொரு எதிரி டாக்கினிட் ஈ. அதில் சில வகைகள் புழுவின் தோல் மேலேயே வெள்ளையாக முட்டையை ஒட்டிவிடும், தலைக்குப் பின்பக்கம் தேடுங்கள். அந்த முட்டை பொரிவதற்குள் புழு சட்டை உரித்துவிட்டால் முட்டையும் சட்டையோடு போய்விடும், புழு பிழைத்துக்கொள்ளும். முட்டை இருக்கும் புழுவைப் பார்த்தால் எனக்கு அந்த இடத்தை விட்டு வரவே மனம் வராது.

மலைக்குக் கீழே கடலைக்காட்டுச் சிவப்புக் கம்பளிப்புழுவுக்கு லென்ஸ் தேவைப்படாது. புழுக்களைக் கொல்லும் என்.பி.வி. என்ற வைரஸ் தாக்கிய புழு செடி உச்சிக்கு ஏறித் தலைகீழாகத் தொங்கும், உடம்பு உள்ளுக்குள் கரைந்திருக்கும், தள்ளி நின்றாலே தெரியும். ரோமத்தைப் பொருட்படுத்தாமல் விழுங்கும் சுடலைக்குயிலைப் பார்க்க பைனாகுலர் எடுத்துப் போங்கள்.

குறை என்றால் ஒன்றுதான், ஏற்காட்டு மூடுபனியில் கண்ணாடி சீக்கிரம் வேர்த்துவிடுகிறது, பழைய வேட்டித் துணி ஒன்று பையில் இருக்கட்டும். கயிறு கோக்க ஓட்டை இருப்பது நல்ல வசதி. 5க்கு 4 கொடுப்பேன். வாங்கும்போது கடையிலேயே பேப்பர் எழுத்தின் மேல் வைத்துப் பாருங்கள், ஓரத்தில் நீலமோ மஞ்சளோ படர்ந்தால் வேறு காட்டச் சொல்லுங்கள்.