வெள்ளிக் காப்பில் இரண்டு பெயர்கள்

கும்பகோணத்தில் ஒரு சின்ன வெள்ளிக்கடையில், மகள் பிறந்த பதினாறாம் நாளுக்காகக் காப்பு செய்யக் கொடுத்தோம். எங்கள் முதல் பையன் முகில் 23 நாள்தான் இருந்தான். இவளுக்கு மாரி என்று பெயர் வைத்தோம். முகில் தந்த மழை. பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்து குப்பம்மாள், பிச்சை என்று கூப்பிடுவது பழைய வழக்கம்; அப்பாயி அதையே கேட்டார். அவர் பயம் புரிந்தது. ஆனாலும் அண்ணன் பெயர் வீட்டில் மறைந்துவிடக் கூடாது என்று எனக்கு இருந்தது.

காப்பின் வெளியே மாரி, உள்பக்கம் முகில் என்று வெட்டச் சொன்னேன். ஆசாரி காரணம் கேட்கவில்லை. குழந்தையின் தோலில் உரசாதபடி எழுத்தை மழுக்கித் தருகிறேன் என்றார், அப்படியே செய்தார். ‘கி’யின் சுழி மட்டும் கொஞ்சம் நெருக்கம். எழுத்துக்கூலி 400 ரூபாய், ரசீது தந்தார்கள். இரண்டு நாள் தாமதமானதால் பதினாறுக்குப் போட முடியவில்லை. அதில் எனக்கு வருத்தம்தான். அப்புறம் எடை போடும்போது ஆசாரி இரண்டு பெயரையும் வாய்விட்டுப் படித்தார். முகில் பெயரை வெளியாள் ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மாரி வளர்ந்ததும் பெரிய காப்புக்கும் அங்கேதான் போவேன்.