ஜாஸா, என்விடிஏவா? விரலும் காதும் கொடுக்கும் விலை

கணினித் திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள்களில் ஜாஸ் நல்லதா, என்விடிஏ நல்லதா என்று பார்வையற்ற ஒருவரிடம் கேட்டால், அவர் எதில் முதலில் பழகினார் என்பதுதான் பெரும்பாலும் பதிலாக வரும். இரண்டையும் ஆண்டுக்கணக்கில் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியவன் என்ற முறையில், வசதிப் பட்டியலை வைத்து இவற்றை ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. விரல்களும் காதும் எதையெல்லாம் மறக்க வேண்டியிருக்கிறது, எதைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது என்று கணக்கிட்டால்தான் மாற்றத்தின் உண்மையான விலை தெரியும். அந்தக் கணக்கில் மென்பொருளைவிட விசைப்பலகைக்கே அதிகம் செலவாகிறது என்பது என் அனுபவம்.

ஜாஸ் மூத்தது. விபத்தொன்றில் பார்வையை இழந்த அமெரிக்க மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் டெட் ஹென்டர் தொடங்கிய நிறுவனம் 1989இல் டாஸ் இயங்குதளத்துக்கும், 1995இல் விண்டோஸுக்கும் அதை வெளியிட்டது. அதன் அடிப்படைப் பதிப்பின் விலை பல ஆண்டுகள் 895 டாலராக இருந்தது. அந்தப் பணம் இல்லாதவர்கள் அதன் சோதனை முறையில் நாற்பது நிமிடம் வேலை செய்து, கணினியை மறுபடி தொடங்கி, மீண்டும் நாற்பது நிமிடம் வேலை செய்து பழகினார்கள். எதைத் தட்டச்சு செய்தாலும் முப்பத்தைந்தாவது நிமிடத்தில் சேமிக்கும் பழக்கம் எனக்கு அப்போது வந்தது, இன்றும் போகவில்லை. என்விடிஏ 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கி, பின்னர் ஜேம்ஸ் டே இணைந்து வளர்த்த இலவச, திறந்தமூல மென்பொருள். இருவருமே பார்வையற்றவர்கள். ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்துச் சென்று, எந்த விண்டோஸ் கணினியிலும் நிறுவாமலே இயக்கலாம் என்பது, பிறர் கணினியை நம்பியே வாழும் மாணவருக்குப் பெரும் விடுதலை. இணைய அணுகல்தன்மைக்காகப் பணியாற்றும் வெப்எய்ம் நிறுவனத்தின் 2024 கணக்கெடுப்பில் ஜாஸை முதன்மையாகப் பயன்படுத்துவோர் 40.5 விழுக்காடு, என்விடிஏவைப் பயன்படுத்துவோர் 37.7 விழுக்காடு. போட்டி ஏறத்தாழச் சமநிலையில் நிற்கிறது.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது வலைப்பக்கங்களில் தொல்லை குறைவு. தலைப்புக்கு எச், அட்டவணைக்கு டி, பொத்தானுக்கு பி, எழுதும் பெட்டிக்கு இ என்பவை இரண்டிலும் ஒன்றே. இந்த ஒற்றுமையை நம்பி அசட்டையாக இருக்கும்போதுதான் கை தவறுகிறது. ஜாஸில் இன்செர்ட்டுடன் க்யூவை அழுத்தினால் எந்தச் செயலியில் இருக்கிறோம் என்று சொல்லும். என்விடிஏவில் அதே விசைகள் மென்பொருளையே மூடும் பெட்டியைத் திறக்கும். நான் மாறிய முதல் வாரத்தில் பழக்க தோஷத்தில் அதை அழுத்தி, வந்த பெட்டி என்ன சொல்கிறது என்று கேட்பதற்குள் என்ட்டரையும் தட்டி, மூன்று முறை முழு மௌனத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கணினி அணைந்துவிட்டதா, உறைந்துவிட்டதா, திரைவாசிப்பான் மட்டும் நின்றதா என்று அந்த மௌனத்தில் எதுவும் விளங்காது. கன்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் என்விடிஏ மீண்டும் பேசும் என்பதை முதல் நாளே கற்றுக்கொடுத்துவிட வேண்டும். இன்செர்ட்டும் ஸ்பேஸும் சேர்ந்தால் ஜாஸில் அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கும் ஓர் அடுக்கு திறக்கும். என்விடிஏவில் படிக்கும் நிலையும் தட்டச்சு நிலையும் மாறிக்கொள்ளும். இத்தகைய மோதல்கள் ஒரு டஜன்தான் இருக்கும். விசைகளை நம் விருப்பப்படி மாற்றியமைக்க இரண்டிலும் வழி உண்டு. என் கணக்கில் மூன்று வாரத்தில் கை திருந்திவிடும்.

வேலை நிமித்தம் சிக்கலான அலுவலக மென்பொருள்களோடு மல்லுக்கட்டுபவருக்கு ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஏற்ப ஜாஸ் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதிவைக்கும் ஸ்கிரிப்ட் வசதி இன்றும் கைகொடுக்கிறது. அந்த அலுவலகத்துக்கென்றே எழுதப்பட்ட ஸ்கிரிப்டுகளில் ஐந்தாறு ஆண்டு பழகியவரை, இலவசமாகக் கிடைக்கிறதே என்று என்விடிஏவுக்கு இழுப்பது நியாயமில்லை. மற்றபடி வீட்டுக் கணினிக்கும் படிப்புக்கும் நான் தயங்காமல் என்விடிஏவையே சொல்வேன்.

விசைப்பலகைக்கு வருவோம். முழு அளவு விசைப்பலகையின் வலது ஓரத்தில் இருக்கும் எண்விசைத் தொகுதிதான் எங்களுக்குத் திரையைத் துழாவும் கை. என்விடிஏவில் 7, 8, 9 ஆகியவை முந்தைய வரி, இந்த வரி, அடுத்த வரி. 4, 5, 6 சொற்களுக்கு. 1, 2, 3 எழுத்துகளுக்கு. ஐந்தின் மேலுள்ள சிறு மேட்டில் நடுவிரலை வைத்துவிட்டால் மற்ற எட்டும் தாமே கைக்கு வரும். மடிக்கணினிக்கு மாறியவுடன் இந்த முழு அமைப்பும் பறிபோகிறது. இங்கே இரண்டு மென்பொருள்களும் தேர்ந்த வழிகள் வேறு. ஜாஸ், கேப்ஸ் லாக்கை அழுத்திக்கொண்டு யு, ஐ, ஓ ஆகியவற்றை வரிகளுக்கும், ஜே, கே, எல் ஆகியவற்றைச் சொற்களுக்கும், எம், காற்புள்ளி, முற்றுப்புள்ளி ஆகியவற்றை எழுத்துகளுக்கும் வைத்தது. எண்விசைத் தொகுதியின் மூன்று வரிசை வடிவம் எழுத்துகளின் மேல் அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டது. என்விடிஏவோ அம்பு விசைகளைத் தேர்ந்தெடுத்தது. சொல் சொல்லாக நகர அதனுடன் கன்ட்ரோலையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பல மடிக்கணினிகளில் மேல், கீழ் அம்புகள் பாதி உயரத்துக்கு நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால், இந்த ஓர் இடத்தில் ஜாஸ் செய்ததே சரி என்பேன்.

இதிலும் வேதனை என்னவென்றால், மென்பொருளை மாற்றுவது நம் முடிவு. விசைகளை மாற்றுவது வேறு யாருடைய முடிவோ. 2016இல் ஆப்பிள் சில மேக்புக் ப்ரோ கணினிகளில் எஸ்கேப் விசையையே எடுத்துவிட்டுத் தொடுபட்டையை வைத்தது. 2019இல்தான் அது மீண்டும் விசையாகத் திரும்பியது. 2024இலிருந்து புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் வலப்பக்க மெனு விசையோ கன்ட்ரோலோ இருந்த இடத்தில் மைக்ரோசாஃப்டின் செயற்கை நுண்ணறிவு உதவியாளரைத் திறக்கும் கோபைலட் விசை வந்திருக்கிறது. சுட்டியின் வலது சொடுக்குக்குப் பதிலாக நாள் முழுவதும் மெனு விசையையே தட்டும் ஒருவருக்கு, அங்கே திடீரென வேறொரு செயலி திறந்தால் எப்படி இருக்கும்? ஷிஃப்டுடன் எஃப் 10 அழுத்தலாம் என்பார்கள். அழுத்தலாம்தான், ஆனால் எஃப் 10ஐ எட்ட எஃப்என் விசையும் தேவைப்படும் மடிக்கணினிகளில் ஒரு விரல் வேலைக்கு மூன்று விரல்கள் வேண்டும். நான் முன்பு பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் ஒரு திங்கட்கிழமை எல்லோருடைய விசைப்பலகைகளையும் எடுத்துவிட்டு, எண்விசைத் தொகுதி இல்லாத குட்டைப் பலகைகளை வைத்திருந்தார்கள். மேசை அழகாக இருக்கிறதென்று சக ஊழியர்கள் சொன்னார்கள்.

தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு தேர்வும் உண்டு. ஆங்கில ஒலிப்பு வழியில் தட்டச்சு செய்வது கற்க எளிது. ஆனால் ந, ன போன்ற எழுத்துகளில் எதற்கு எந்த விசை என்பது மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடுகிறது, ந, ன இரண்டையும் குரல் ஒன்றுபோலவே ஒலிப்பதால் பிழை காதில் விழுவதும் இல்லை. தமிழுக்கென்றே வகுத்த தமிழ்99 விசை அமைப்பில் ஜே விசையின் மேட்டில் ப, அதன் இடப்புறம் க, வலப்புறம் ம, த, ந, ய என்று வரிசையாக இருக்கின்றன, உயிரெழுத்துகள் இடக்கைக்கு. ன மேல் வரிசையில் தனியாக இருப்பதால், எந்த எழுத்து விழுந்தது என்பதை விரலே அறியும். கற்க ஒரு மாதம் கூடுதலாகும் என்றாலும் இதையே பரிந்துரைப்பேன்.

குரல் மாற்றத்தைப் பற்றிச் சொன்னால் பார்வையுள்ள நண்பர்கள் சிரிக்கிறார்கள். ஜாஸுடன் வரும் எலோக்வென்ஸ் இயந்திரத்தனமான குரல்தான். ஆனால் மிக வேகமாக ஓடவிட்டாலும் எழுத்து சிதையாது. மனிதக் குரலிலிருந்து உருவான இனிமையான குரல்கள் கதை கேட்க நல்லவை. விசையைத் தட்டிய கணத்துக்கும் அவை பேசும் கணத்துக்கும் இடையில் விழும் நூலளவு தாமதம், நாள் முழுவதும் வேலை செய்பவரைச் சோர்வடையச் செய்யும். 2022இல் ஐபோனுக்கான ஐஓஎஸ் 16இல் ஆப்பிள் எலோக்வென்ஸைச் சேர்த்தபோது எனக்கு ஊர்க்காரர் ஒருவரை வழியில் கண்டதுபோல் இருந்தது. அதில் தமிழ் இல்லை என்பதே நமக்குக் குறை. என்விடிஏவுடன் வரும் ஈஸ்பீக் தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே தகரக் குரலில் படிக்கிறது; விண்டோஸின் வள்ளுவர் குரல் அதைவிட மனிதத்தன்மை கொண்டது. நீண்ட கட்டுரைகளுக்கு வள்ளுவரையும், பிழை திருத்தத்துக்கு ஈஸ்பீக்கையும் வைத்திருக்கிறேன்.

காதை அறவே நம்பாத வழி, திரையில் உள்ளதை விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளிகளாக்கித் தரும் பிரெய்ல் காட்சிக் கருவி. இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்லில் ல என்பது இடப்பக்கத்து மூன்று புள்ளிகள், ள என்பது வலப்பக்கத்து மூன்று புள்ளிகள். எந்தக் குரலும் தராத தெளிவு இது. விலைதான் எட்டாத உயரத்தில் இருக்கிறது. தொடுதிரையைக் கைபேசியோடு நிறுத்திக்கொள்கிறேன். கணினி வேலைக்கு அது எனக்கு ஒத்துவரவில்லை.

புதிய மடிக்கணினி வாங்கியபோது முன்பிருந்த என்விடிஏ, அதே குரல், அதே வேகம் ஆகியவற்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, விசைப்பலகையை மட்டும் புதிதாகக் கற்றேன். இரண்டை ஒன்றாக மாற்றியிருந்தால் எது தவறுகிறது, விரலா மென்பொருளா என்றே தெரிந்திருக்காது. இருந்தாலும் நீண்ட வேலை என்றால் பையிலிருக்கும் பழைய யுஎஸ்பி விசைப்பலகையைத்தான் இணைக்கிறேன். அதில் ஐந்தாம் எண்ணின் மேடு தேய்ந்துவிட்டது. சென்ற மாதம் அதன்மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்துக் காயவைத்தேன்.